இரண்டாம் இலக்கமும் பதினான்காம் இலக்கமும்



வியாழக்கிழமை காலமை 5.30க்கு எங்களுக்கு யாரும் கோல் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பதில் வராது. பாடசாலைக்கு வழமைபோல நேரத்துக்கு வந்து கையொப்பம் வைப்போம், அதில் பிரச்சினை இல்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்ததிலிருந்து மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும் வரைக்கும் உள்ள நேரம் மட்டும் எங்களுடையது. அமெரிக்காவில் அப்போது புதன் இரவு 8 மணி. புரூக்ளினில் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் 2025ஆம் ஆண்டு ட்ராப்ட் ஆரம்பிக்கும்.

நாங்கள் என்று சொல்வது நாலு பேரை. கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் உடற்கல்வி, ஒருவர் விஞ்ஞானம். மூன்று பேர் இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் படிப்பிக்கிறோம். விஞ்ஞானம் கட்டாரில் இருக்கிறார். நாலு பேரையும் இன்னும் ஒரு வட்ஸ்அப் குரூப்பில் கட்டி வைத்திருப்பது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்கிற அணி. டெக்சஸ் மாநிலத்து அணி. அந்த ஊரை நாங்கள் பார்த்ததும் இல்லை, பார்க்கப்போவதாகவும் தெரியவில்லை.

இதை ஏன் முகநூலில் எழுதுகிறோம் என்றால், போன மாதம் இதே விசயத்தில் பள்ளிவாசலடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு விசாரணை நடந்தது. லொட்டரி நடந்த காலமை அது. எங்களில் ஒருவர் போனைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ், இரண்டு!" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், "என்ன சேர், சுவீப் டிக்கட் விழுந்திட்டா? வாத்திமார் இதெல்லாம் எடுக்கலாமா?" என்று கேட்டார். சுவீப்பும் இல்லை சூதும் இல்லை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுதாக எழுதுகிறோம்.

ஐ.பி.எல். ஏலம் எல்லோருக்கும் தெரியும். காசு உள்ளவர் கையை உயர்த்துவார். என்.பி.ஏ. ட்ராப்ட் அப்படி இல்லை. இங்கே ஏலமும் இல்லை, விலையும் இல்லை. 30 அணிகளும் முறை வைத்து, லீக்குக்குப் புதிதாக வரும் இளம் வீரர்களில் ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். இரண்டு சுற்று. முதல் முறை யாருக்கு என்பதில்தான் சங்கதி இருக்கிறது. போன சீசனில் நன்றாக விளையாடிய அணி கடைசியில் நிற்கும். மோசமாகத் தோற்ற அணிகள் முன்னால் நிற்கும். பலவீனமானவனுக்கு முதல் பங்கு.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. முதல் பங்கு வேண்டும் என்றால் வேண்டுமென்றே தோற்கலாமே? அதை அடைக்கத்தான் 1985இல் லொட்டரி கொண்டுவந்தார்கள். இப்போதைய முறைப்படி, பிளே-ஓப்புக்குப் போகாத 14 அணிகள். ஒரு இயந்திரத்தில் இலக்கமிட்ட 14 பந்துகள். அதில் நான்கு வெளியே வரும். 14இல் 4 எடுத்தால் 1001 சேர்மானங்கள் என்று எங்கள் கணிதக்காரர் உயர்தர வகுப்பில் இதை வைத்தே ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். ஒன்றை விட்டுவிட்டு மிச்சம் 1000ஐ அணிகளுக்குப் பங்கிடுவார்கள். ஆக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 140. மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறையும். இப்படி முதல் நான்கு இடங்களும் தீர்மானிக்கப்படும். ரசிகர்கள் காசு கட்டுவதில்லை. குலுக்கலில் பெயர் எடுப்பது போலத்தான்.

இந்த வருடம் எங்கள் ஸ்பர்ஸுக்கு அந்த ஆயிரத்தில் 60தான் இருந்தது. 34 வெற்றி, 48 தோல்வி. கணக்குப்படி எட்டாம் இடம். வந்தது இரண்டாம் இடம். அதைவிட டலஸ் அணியின் நஸீபைப் பாருங்கள். ஆயிரத்தில் வெறும் 18 வைத்துக்கொண்டு முதலிடத்தைத் தட்டிப் போனது. லூகா டொன்சிச் என்கிற மகா கெட்டிக்காரனை பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டு, சொந்த ரசிகர்களிடமே திட்டு வாங்கிக்கொண்டிருந்த அணி அது. 65 போட்டிகளில் தோற்று ஆகக் கடைசியில் வந்த யூட்டா அணி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. நஸீப் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு எங்கள் குரூப்பில் அன்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இனி, ஏன் ஸ்பர்ஸ்?

2013 ஜூன். விடுதியில் ஒரே ஒரு லெப்டொப், ஒரு டொங்கிள். உடற்கல்விக்காரர் ஒப்படைக்காகக் கூடைப்பந்து பார்க்கத் தொடங்கினார், நாங்கள் அவரைச் சுற்றி உட்காரத் தொடங்கினோம். இறுதித் தொடரின் ஆறாவது போட்டி, மயாமி அணியுடன். 28 செக்கன் இருக்கும்போது ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னால். அந்தப் பக்கம் கிண்ணத்தைக் கொடுக்க மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். 5 செக்கன் இருக்கும்போது ரே அலன் மூலையிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழுந்தது. மேலதிக நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது. ஏழாவது போட்டியிலும் தோற்றது. அடுத்த வருடம் அதே மயாமியை அதே இறுதித் தொடரில் நான்குக்கு ஒன்று என்று வென்றது. ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், ஐந்து பேரும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து வென்ற விதத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு அணி பிடிக்காது. எங்களுக்கும் பிடிக்கவில்லை.

அந்த அணியை யார் யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் ட்ராப்ட் எங்களைப் பிடித்தது.

டிம் டங்கன், 1997ஆம் ஆண்டின் முதல் தெரிவு. கரீபியன் கடலில் சென் குரோய் என்கிற சிறிய தீவுப் பிள்ளை. ஆரம்பத்தில் நீச்சல்காரன். 1989இல் வந்த ஹியூகோ சூறாவளி தீவின் நீச்சல் தடாகத்தை உடைத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் கூடைப்பந்து. பதினான்கு வயதாகும் தறுவாயில் உம்மா மௌத். பட்டப்படிப்பை முடிப்பேன் என்று உம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, கோடிகள் காத்திருந்தபோதும் நான்கு வருடமும் பல்கலைக்கழகத்தில் இருந்து உளவியலில் பட்டம் எடுத்துக்கொண்டுதான் லீக்குக்குப் போனார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

டங்கன் கிடைத்த கதையிலும் லொட்டரி உண்டு. அதற்கு முந்திய சீசனில் ஸ்பர்ஸின் தூண் டேவிட் ரொபின்சன் காயப்பட்டு ஆறு போட்டிகள்தான் ஆடினார். அணி 62 போட்டிகளில் தோற்றது. ஆனாலும் அந்த லொட்டரியில் ஆகக் கூடிய வாய்ப்பு பொஸ்டனுக்குத்தான் இருந்தது. பந்து ஸ்பர்ஸுக்கு விழுந்தது. பொஸ்டன் மூன்றாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் போனது. டங்கனோடு ஸ்பர்ஸ் 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து கிண்ணம் எடுத்தது.

முதல் தெரிவில் டங்கனை எடுக்க யாராலும் முடியும். கண் இருந்தால் போதும். எங்களைக் கட்டிப்போட்டது மற்ற இருவர்.

டோனி பார்க்கர், 2001இல் 28ஆவது தெரிவு. பிரான்சிலிருந்து வந்த 19 வயதுப் பையன். முதல் பரிசோதனைப் பயிற்சியில் அவ்வளவு மோசமாக ஆடினார் என்று பயிற்றுநர் கிரெக் பொபோவிச் பத்து நிமிடத்திலேயே போதும் என்றுவிட்டார். அலுவலகத்தில் இருந்தவர்கள் இன்னொரு தடவை பாருங்கள் என்று வற்புறுத்தித்தான் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. அதே பார்க்கர் 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர்.

மனு ஜினோபிலி, ஆர்ஜன்டீனாக்காரர். 1999இல் 57ஆவது தெரிவு. அந்த வருடம் மொத்தம் 58தான். அதாவது கடைசிக்கு முதல் ஆள். எடுத்த பிறகும் அவர் இத்தாலியிலேயே ஆடிக்கொண்டிருந்தார், 2002இல்தான் வந்து சேர்ந்தார். இன்று அவர் பெயர் கூடைப்பந்தின் ஹோல் ஒப் பேமில் இருக்கிறது.

57 என்கிற அந்த இலக்கம் எங்களுக்குள் ஒரு பரிபாசை ஆகிவிட்டது. வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை எதிர்பாராத பதில் ஒன்று சொன்னால், அன்று பின்னேரம் குரூப்பில் "இன்று ஒரு 57 கண்டேன்" என்று செய்தி வரும்.

கதையை இனிப்பாக்கவும் கூடாது. 57ஆம் இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் பெயரே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்பர்ஸும் எல்லா முறையும் சரியாக எடுத்ததில்லை. 2008இல் 45ஆவதாகக் கோரன் டிராகிச்சை எடுத்து அப்படியே பீனிக்ஸுக்குக் கொடுத்தார்கள், அவர் பிறகு நட்சத்திரம் ஆனார். 2019இல் 19ஆவதாக எடுத்த லூகா சமானிச் இரண்டு வருடத்தில் போய்விட்டார். அதே இரவில் பத்து இடம் தள்ளி 29ஆவதாக எடுத்த கெல்டன் ஜோன்சன் இன்னும் நிற்கிறார். எத்தனை காணொளி பார்த்தாலும், எத்தனை அளவு எடுத்தாலும், 19 வயதுப் பிள்ளை 25 வயதில் யாராக இருப்பான் என்று சொல்ல முடியாது. எங்களிடம் கேளுங்கள். நாங்கள் அந்தத் தொழிலில்தான் இருக்கிறோம்.

1998இலிருந்து 2019 வரை 22 சீசன் ஒன்றுவிடாமல் பிளே-ஓப் போன அணி, 2020இல் நின்றது. அதன் பிறகு வந்த வருடங்கள்தான் உண்மையான ரசிகனைச் சோதித்த வருடங்கள்.

2022 ஜூன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறக்கவா முடியும்? பெற்றோல் கியூ. மூன்று நாள், நாலு நாள். ட்ராப்ட் நடந்த அந்த வெள்ளிக்கிழமை காலமை எங்களில் இருவர் கியூவில் ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிளோடு நின்றோம். போனில் சார்ஜ் போய்விடும் என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்தோம். முதல் சுற்றில் ஸ்பர்ஸுக்கு மூன்று தெரிவு. ஜெரமி சோகன், மலாக்கி பிரனம், பிளேக் வெஸ்லி. முன்னாலிருந்த ஓட்டோக்கார நானா, "சேர், பெற்றோல் பவுசர் வருதாமா?" என்று எட்டிப் பார்த்தார். இல்லை நானா, போலந்துக்கு விளையாடின ஒரு பொடியன் வந்திருக்கிறான் என்றோம். அவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு ஒரு வாரத்துக்குள் ஸ்பர்ஸ் தன் ஆகச் சிறந்த வீரர் டிஜான்டே மரேயை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. 29ஆவதாக எடுத்து, வளர்த்து, ஓல்-ஸ்டார் ஆக்கிய பிள்ளை. பதிலுக்கு வாங்கியதில் முக்கியமானவை எதிர்காலத்து ட்ராப்ட் தெரிவுகள். அட்லாண்டாவின் 2025 முதல் சுற்றுத் தெரிவு, 2027 முதல் சுற்றுத் தெரிவு என்று கடதாசியில் எழுதிய வாக்குகள்.

அந்த ஓகஸ்டில் எங்கள் விஞ்ஞானக்காரர் கட்டாருக்குப் போனார். அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் சொன்ன நேரம் அது. இரண்டு பிள்ளைகள், அரைவாசியில் நின்ற வீடு, பால்மா வாங்கவும் கியூ. இரசாயனவியல் படிப்பித்தவர் இப்போது ஒரு கொம்பனியில் ஸ்டோர் கீப்பர். போகும்போது எயார்போட்டிலிருந்து ஒரு வொய்ஸ் கட் போட்டார்: "மச்சான், மரேய வித்துப்போட்டு 2027ட பிக்க வாங்கி வெச்சிருக்கானுகள். என்ட லீவும் 2027லதான் முடியுது. பாப்பம், எது முதல்ல வருதெண்டு."

சிரித்தோம். வேறு என்ன செய்வது?

2022-23 சீசனில் ஸ்பர்ஸ் 60 போட்டிகளில் தோற்றது. அந்த வருடம் பிரான்சில் விக்டர் வெம்பன்யாமா என்று ஒரு பிள்ளை இருந்தான். 7 அடி 4 அங்குலம். அந்த உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும், தூரத்திலிருந்து எறியவும் தெரிந்தவன். யாருக்கு முதல் தெரிவு கிடைக்கிறதோ அவர்களுக்கு அவன். அப்போது எங்கள் குரூப்பில் பெரிய வாதம் ஒன்று வந்தது. இன்னும் தீரவில்லை.

கணிதக்காரர் சொன்னார், இந்த வருடம் தோற்பதுதான் வெற்றி, ஒவ்வொரு தோல்வியும் ஒரு முதலீடு என்று. உடற்கல்விக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாளைக்கு வலய மட்டப் போட்டிக்கு நான் கூட்டிட்டுப் போற புள்ளையளுக்கு, தோத்தா நல்லது எண்டு சொல்ல ஏலுமா மச்சான்?" என்று கேட்டார். தமிழ்க்காரர் நடுவில் நின்றார். விளையாடுகிறவன் தோற்க விளையாடுவதில்லை, அவன் அடுத்த வருட வேலைக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறான், அனுபவமுள்ளவர்களை அனுப்பிவிட்டுப் பச்சைப் பிள்ளைகளைக் களத்தில் விடுவது நிருவாகம் என்றார்.

இது எங்களுக்குள் மட்டும் உள்ள வாதம் இல்லை. பிலடெல்பியா அணி சில வருடம் இதையே கொள்கையாக வைத்து, 2015-16 சீசனில் 82 போட்டிகளில் பத்தை மட்டும் வென்றது. அப்படித் தோற்பதற்கு வெகுமதி குறையட்டும் என்றுதான் 2019இல் விகிதங்களை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்பு என்று ஆக்கினார்கள். முன்பு ஆகக் கடைசி அணிக்கு நூற்றுக்கு 25. இப்போது 14.

2023 மே லொட்டரியில் ஸ்பர்ஸுக்கே முதலிடம் விழுந்தது. வெம்பன்யாமா வந்தான். அடுத்த வருடம், எதிர் வாக்கு ஒன்றுகூட இல்லாமல், ஆண்டின் சிறந்த புதுமுக வீரன் ஆனான். அணி மறுபடியும் 60 போட்டிகளில் தோற்றது. அதனால் 2024இல் நாலாம் தெரிவு கிடைத்து ஸ்டெபன் காசில் வந்தான். இந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவன். உடற்கல்விக்காரர் இன்னும் தன் இடத்தில்தான் நிற்கிறார். அவருடைய கேள்விக்கு இந்த வெற்றிகள் பதில் ஆகாது என்கிறார். அது சரிதான்.

இந்த வருடம் வேறு விதமான சோதனை. நவம்பரில் பொபோவிச்சுக்குப் பக்கவாதம். 1996இலிருந்து இந்த அணியின் தலைமைப் பயிற்றுநர், லீக் வரலாற்றில் ஆகக் கூடிய போட்டிகளை வென்றவர், மே மாதம் பதவியை மிட்ச் ஜோன்சனிடம் கொடுத்துவிட்டு நிருவாகத்துக்குப் போனார். பெப்ரவரியில் வெம்பன்யாமாவின் வலது தோளில் இரத்தக்கட்டி. 46 போட்டிகளோடு சீசன் முடிந்தது. 21 வயதுப் பிள்ளைக்கு இரத்தக்கட்டி என்றதும் எங்களில் யாரும் கூடைப்பந்து கதைக்கவில்லை. துஆச் செய்தோம். அடுத்த சீசனுக்கு வந்துவிடுவான் என்கிறார்கள். இன்ஷா அல்லாஹ்.

இப்போது கையில் இருப்பவை 2, 14, இரண்டாம் சுற்றில் 38.

டலஸ் முதலாவதாகக் கூப்பர் பிளாக்கை எடுக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவதாக நாங்கள் கேட்பது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து டிலன் ஹார்ப்பர். 6 அடி 6 அங்குலம், இடது கைக்காரன், 19 வயது. வாப்பா ரொன் ஹார்ப்பர் சிகாகோவோடும் லொஸ் ஏஞ்சலஸோடும் ஐந்து கிண்ணம் எடுத்தவர். ஆனால் எங்களுக்குப் பிடித்தது உம்மாவின் பக்கம். பிலிப்பைன்ஸில் பிறந்த அந்தப் பெண்மணியும் ஒரு கூடைப்பந்துப் பயிற்றுநர், மகனுக்கே பயிற்சி கொடுத்தவர். வீட்டிலும் உம்மா, கிறவுண்டிலும் உம்மா. அந்தப் பிள்ளை எப்படித் தப்பினானோ!

எதிர்ப்பும் இருக்கிறது. ஸ்பர்ஸில் ஏற்கெனவே காசில் இருக்கிறான், பெப்ரவரியில் வாங்கிய டிஆரன் பொக்ஸ் இருக்கிறார். மூவருமே பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர்கள், இரண்டாம் தெரிவைக் கொடுத்துப் பெரிய நட்சத்திரம் ஒருவரை வாங்குங்கள் என்று பலர் எழுதுகிறார்கள். கெவின் டுராண்டின் பெயர்கூட அடிபட்டது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனுக்கு என்று முடிவாகிவிட்டது. எங்களுக்கு ஒரு நிம்மதி. 36 வயது மகாராசாவை வாங்கி இரண்டு வருடம் ஆடவைப்பதைவிட, 19 வயதுப் பிள்ளையை வைத்துப் பத்து வருடம் பார்ப்பது நல்லது. வெம்பன்யாமாவுக்கு 21, காசிலுக்கு 20, ஹார்ப்பருக்கு 19. ஒரு வகுப்பு சேர்ந்து வளர்வது போல வளரட்டும்.

14க்குத்தான் குரூப்பில் அடிபிடி. அணிக்குத் தேவை தூரத்திலிருந்து எறியவும் எதிராளியை மறிக்கவும் தெரிந்த உயரமான ஓரக்காரன். அரிசோனாவின் கார்ட்டர் பிரயன்ட் என்று கணிதக்காரர் நிற்கிறார். விஞ்ஞானக்காரர் கமான் மலுவாச் என்கிறார். தென் சூடானில் பிறந்து, உகண்டாவில் அகதியாக வளர்ந்து, பதின்ம வயதில்தான் முதன்முதல் கூடைப்பந்தைத் தொட்ட பிள்ளை. 7 அடி 2 அங்குலம். போன வருடம் 17 வயதில் தென் சூடானுக்காக பரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினான். 14 வரைக்கும் அவன் மிச்சம் இருப்பான் என்று நம்புவது கஸ்டம். "இருக்கட்டும் மச்சான், ஆசைப்பட என்ன செலவு?" என்கிறார். ஊரை விட்டுப் போனவருக்கு ஊரை விட்டு வந்த பிள்ளையைப் பிடித்திருக்கிறது. நாங்கள் அதற்கு மேல் வாதாடவில்லை.

கவனித்தீர்களா? அந்த 14தான் 2022 ஜூனில் மரேயைக் கொடுத்து வாங்கிய தெரிவு. மூன்று வருடம் வெறும் கடதாசியாகக் கிடந்தது. வியாழன் காலமை அதற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் வரும். மற்றது 2027இல்.

ஒரு விசயம் சொல்லி முடிக்கிறோம். இது கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

பலவீனமான அணிக்கு முதல் தெரிவு என்று அமெரிக்காவின் பணக்கார விளையாட்டு லீக் ஒன்று வைத்திருக்கிறது. அவர்களுக்குப் புண்ணியம் தேடும் நோக்கம் ஒன்றும் இல்லை. எல்லா அணியும் ஓரளவு பலமாக இருந்தால்தான் ஆட்டம் பார்க்க ஆள் வரும், வியாபாரம் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் நாட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து வெட்டுப்புள்ளி வந்ததும் என்ன நடக்கிறது? ஏற்கெனவே பெரிய பாடசாலைகளுக்கு முதல் தெரிவு. எங்கள் ஊர்ச் சின்னப் பாடசாலையின் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் போவார்கள். போகட்டும், அது அந்தப் பிள்ளைகளின் உரிமை. பெற்றோரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கும் நாங்கள் அதையேதான் பார்ப்போம். ஆனால் ஆறாம் ஆண்டு முதல் நாள் எங்கள் முன்னால் வந்து உட்கார்கிற 28 பிள்ளைகளுக்கும் தாங்கள் தெரிவு செய்யப்படாதவர்கள் என்று பதினொரு வயதிலேயே தெரியும். அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

அதில் ஒரு பிள்ளை, வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்து எங்களோடு நின்றவள், உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தாள். கட்டாரிலிருந்து எங்கள் விஞ்ஞானக்காரர் வெள்ளிக்கிழமைகளில் சூமில் இரசாயனவியல் சொல்லிக்கொடுத்தார், மூன்று வருடமாக, காசு வாங்காமல். மின்சாரம் போன நாட்களில் வொய்ஸ் கட்டில். அவளோடு இன்னும் ஏழு பேர். இந்த முறை பெறுபேறு வந்தபோது மூன்று பேருக்கு நல்ல முடிவு. ஐந்து பேருக்கு இல்லை, அவர்கள் மறுபடி எழுதுகிறார்கள். 57இல் எல்லோரும் ஜினோபிலி ஆவதில்லை என்று சொன்னோமே. ஆனால் 57ஐயும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் எந்தக் காலத்திலும் தெரியாது.

அதனால் எங்கள் எதிர்பார்ப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். இரண்டில் ஹார்ப்பர். பதினான்கில் பிரயன்ட், மலுவாச் மிச்சம் இருந்தால் மலுவாச். 38இல் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். வெம்பன்யாமாவுக்கு உடம்பு சுகம். இனிமேல் பல வருடத்துக்கு எங்களுக்கு லொட்டரியே பார்க்கக் கிடைக்கக் கூடாது, அந்த அளவுக்கு அணி வெல்ல வேண்டும்.

2027இல் அட்லாண்டாவின் தெரிவு வரும்போது நாலு பேரும் ஒரே இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு கொங்கிரீட் போட்டாகிவிட்டதாம், இனிக் கதவு யன்னல்தான் மிச்சமாம். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வகுப்பிலும், உங்கள் வீட்டிலும் ஒரு 57 இருந்திருப்பார். பெயர் போட வேண்டாம், கதையை மட்டும் கீழே எழுதுங்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறோம்.